எண்பது கிலோ ஒல்லி

டிப்போவில் அவரை எல்லோரும் ஒல்லி என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்த காலத்தில் அதில் ஒரு தப்பும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தட்டிப் பார்க்கவேண்டிய உடம்புதான் அவருக்கு. பிறகு உடம்பு அதன் பாட்டுக்கு வளர்ந்தது, பெயர் மட்டும் வைத்த இடத்திலேயே நின்றுவிட்டது. மாற்றலாகி வரும் நடத்துனர்கள் அவரிடமே வந்து, ஒல்லி எங்கே இருப்பார் என்று கேட்பார்கள். அவரும் சலிக்காமல், இங்கேதான் எங்கேயாவது இருப்பான், நன்றாகத் தேடிப் பாருங்கள் என்று அனுப்பிவைப்பார்.

பேருந்து ஓட்டுவதென்றால் அவருக்கு உயிர். சிலர் சம்பளத்துக்கு ஓட்டுகிறார்கள், சிலர் வேறு வழியில்லாமல் ஓட்டுகிறார்கள். இவர் விடுமுறை நாளில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வலது கால் தானாகத் தரையை அமுக்கிக்கொண்டிருக்கும். இவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வரும் பயணியின் கை கம்பியைத் தேடாது. அதில் அவருக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, இருக்கட்டும், நியாயமான திமிர்தான்.

அப்படிப்பட்டவருக்கு முதுகு மக்கர் பண்ண ஆரம்பித்தது. காலை வண்டி பழைய வண்டி. எஞ்சின் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க உறுமும். கீழே சாலை தன் பங்குக்கு உதறும். அந்த உதறல் எல்லாம் சீட்டின் இரும்புக் கால் வழியாக ஏறி, நேராக இடுப்பில் வந்து முடியும். ஷிப்ட் முடிந்து இறங்கும்போது, ஏணியில் இறங்குகிறவர் மாதிரி முதுகைத் திருப்பிக்கொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாகத் தரையில் வைப்பார். பயணிகளுக்குத் தெரியாமல் இருக்கட்டுமென்று, எல்லோரும் இறங்கும்வரை எதையோ தேடுகிற மாதிரி நடிப்பார்.

மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். வருஷக்கணக்காக வாங்கின அதிர்வு முதுகெலும்புக்கு நடுவே இருக்கிற வட்டுகளை நசுக்கிக்கொண்டிருக்கிறது. எடையைக் குறைக்கவேண்டும், சீட்டை மாற்றவேண்டும், முடியாவிட்டால் வேலையை மாற்றவேண்டும். முதல் இரண்டும் காதில் விழுந்தன. மூன்றாவது விழாத மாதிரி ஒல்லி எழுந்துகொண்டார்.

இந்த இடத்தில் அவருடைய மனைவியைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அவரும் அதே டிப்போவில்தான் வேலை பார்த்தார். பணிமனை மூலையில், ரெக்சின் சுருள்களுக்கும் ஃபோம் அடுக்குகளுக்கும் நடுவில், ஒரு கனமான தையல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து கிழிந்த சீட்டுகளுக்கு மறுபிறவி கொடுப்பவர். டிப்போ முழுக்க அவருக்கு மெத்தையக்கா என்று பெயர். புருஷனுக்கு முதுகு வலி என்றதும், மெத்தையக்கா அவர் சீட்டைக் கையிலெடுத்துக்கொண்டார். முதலில் ஒரு ஃபோம் வைத்துத் தைத்தார். வலி போகவில்லை. அதன் மேல் இன்னொன்று வைத்தார். அப்புறம் இன்னொன்று. கடைசியில் ஒல்லியின் தலை கூரையைத் தொட ஒரு விரல்தான் பாக்கி. கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்க்கவே கழுத்தைக் குனியவேண்டியிருந்தது. வலி மட்டும் அப்படியே இருந்தது. தன் கைவேலை தன் புருஷனுக்கே உதவவில்லையே என்று மெத்தையக்காவுக்கு உள்ளுக்குள் அறுத்துக்கொண்டிருந்தது.

சீட் கையை விட்டுப் போனதால், மெத்தையக்கா புருஷனின் எடையைப் பிடித்துக்கொண்டார். மதிய டப்பாவில் வேகவைத்த காயும் இரண்டு ரொட்டியும் மட்டும் வர ஆரம்பித்தன. ஒல்லி முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார், டிப்போ சாப்பாட்டு அறையில் திறந்து சாப்பிடுவார், பிறகு நாலு பேர் டப்பாவிலும் ஒரு பிடி பிடிப்பார். மாதக் கடைசியில் மருந்துக் கடை எந்திரத்தில் ஏறி எடை பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவார். முதல் மாதம் எந்திரம் ஒரு கிலோ ஏற்றிக் காட்டியது. வீட்டுக்குள் நுழைந்தவர் வாயிலிருந்து என்னவோ, ஒரு கிலோ குறைந்திருக்கிறது என்று வந்துவிட்டது. அப்போது மெத்தையக்காவின் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்தபிறகு மறுமாதம் உண்மை சொல்ல யாருக்கு மனசு வரும்? இப்படியே மனுஷன் உடம்பில் ஏறிக்கொண்டும் வாயில் இளைத்துக்கொண்டும் போனார். மருந்துக் கடையில் நூற்றிரண்டைத் தொட்டபோது வீட்டில் எண்பதுக்கு வந்து நின்றிருந்தார்.

கண்ணால் பார்த்தால் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தினம் பார்க்கிற முகத்தில் என்ன மாறுகிறது என்று யாருக்குத் தெரிகிறது? தெரிந்திருக்கவேண்டிய ஒரே இடம் பேண்ட் இடுப்பு. அதற்கும் ஒல்லி வழி பார்த்து வைத்திருந்தார். நாலு தெரு தள்ளி இருந்த ஒரு தையல்காரரிடம் திருட்டுத்தனமாகப் போய் இடுப்பைப் பிரித்துத் தைத்துக்கொண்டார். தையல்காரியின் புருஷன் வேற்றுத் தையல்காரரிடம் போவது எத்தனை பெரிய துரோகம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்தத் தையல் மனைவி கண்ணில் படக்கூடாது என்று சீருடையைத் தானே துவைத்து, தானே காயப்போட்டு, தானே தேய்த்தார். பாவம் மெத்தையக்கா, எங்க வீட்டுக்காரர் மாதிரி உண்டா என்று அக்கம்பக்கத்தில் பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் டிப்போவுக்குப் புது சீட் வந்தது. ஒரே ஒரு சீட். கீழே ஸ்பிரிங்கும் அதிர்வைத் தாங்கும் தண்டும் வைத்து, சாலை உதறினாலும் உட்கார்ந்தவர் உதறாத மாதிரி செய்தது. ஒரு மாதம் ஓட்டிப் பார்த்து, முதுகுக்கு நல்லதென்றால் எல்லா வண்டிக்கும் வாங்குவது என்று ஏற்பாடு. மேலாளர் அதை ஒல்லியின் வண்டியில்தான் மாட்டச் சொன்னார். கூடவே ஒல்லியைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த சீட்டிலும் வலி குறையவில்லையென்றால் இனி வண்டி கிடையாது, வாசல் கேட்டில் உட்கார்ந்து வண்டி வருவதையும் போவதையும் குறிக்கிற வேலைதான் என்று சொல்லிவிட்டார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மனுஷன் முடங்கிப் போய்விடக்கூடாதே என்கிற கவலையில் சொன்னது. ஆனால் ஒல்லிக்குக் கண்ணைக் கட்டியது. சீட் கொடுக்கிறேன் என்று சொல்லி என் சீட்டைக் கிழிக்கப் பார்க்கிறார்கள் என்று சாப்பாட்டு அறையில் புலம்பினார்.

சீட்டைப் பொருத்த கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். மெத்தையக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். தன்னால் ஆகாததை இது என்ன சாதித்துவிடப் போகிறது என்கிற பார்வை. டிப்போக்காரர்களுக்குக் கேட்கவேண்டுமா? மெத்தையக்காவுக்குச் சக்களத்தி வந்துவிட்டாள் என்று கிண்டல் ஆரம்பமாகிவிட்டது. கம்பெனிக்காரர் சீட்டுக்குப் பக்கவாட்டில் இருந்த ஒரு திருகைக் காட்டினார். அதைத் திருகத் திருக ஒரு சின்னச் சன்னலில் எண் மாறும். உங்கள் எடை எத்தனை என்று கேட்டார்.

ஒல்லி மனைவியைப் பார்த்தார். மெத்தையக்கா முந்திக்கொண்டார்.

"எண்பது. போன மாசம் எண்பத்தொண்ணு" என்றார் பெருமையாக.

கம்பெனிக்காரர் ஒல்லியை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். பொண்டாட்டி சொல்கிறார், புருஷன் மறுக்கவில்லை, மூன்றாவது மனிதர் என்ன சொல்வது? எண்பதில் திருகி வைத்தார். அந்த எண் எதற்கு என்று விளக்கமும் சொன்னார். ஆனால் ஒல்லியின் காதில் எதுவும் ஏறவில்லை. குட்டு உடையாமல் போனதே என்கிற நிம்மதியில் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திருகு என்னவோ கணக்குக்காக இருப்பது என்று நினைத்துக்கொண்டார்.

அதே வண்டியை மதியத்துக்கு மேல் ஓட்டுகிறவர் ஒரு பெண். டிப்போவுக்கே தங்கச்சி. தன் எடையை மறைக்க அவளுக்கு எந்த அவசியமும் இல்லாததால், ஐம்பத்தெட்டு என்று திருகிக்கொண்டு ஏறினாள். சாயங்காலம் இறங்கும்போது முகமெல்லாம் பல். தொட்டிலில் உட்கார்ந்து ஓட்டின மாதிரி இருக்கிறது என்றாள். மறுநாள் காலை ஒல்லி ஒழுங்காக எண்பதுக்குத் திருகிக்கொண்டு ஏறினார், ஏனென்றால் மதியம் வண்டி உள்ளே வந்ததும் மெத்தையக்கா அந்தச் சக்களத்தி சீட்டையும் அதன் எண்ணையும் பார்க்க வந்துவிடுவார். கடைத்தெருவின் கல்பாவிய சாலையில் இறங்கியதும் சீட் அடிவரை போய் டம்மென்று இடித்தது. வேகத்தடையில் டம். பாலத்தின் இணைப்பில் டம். பழைய சீட் முதுகைக் கடைந்தது என்றால் புது சீட் முதுகைச் சுத்தியலால் அடித்தது.

இரண்டு வாரத்தில் டிப்போ இரண்டு கட்சியாகிவிட்டது. தங்கச்சி அந்த சீட்டைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினாள். ராத்திரி நிம்மதியாகப் படுக்கிறேன், பிள்ளையைத் தூக்க முடிகிறது என்றாள். ஒல்லி அதைக் கரித்துக் கொட்டினார். பெரிய உடம்புக்காரர்கள் எல்லோரும் ஒல்லி பக்கம் சாய்ந்தார்கள். அனுபவஸ்தர் சொல்கிறார், அது வெறும் பொம்மை என்றார்கள். மேலாளர் கம்பெனிக்காரரைத் திரும்ப வரவழைத்தார். ஒரு காலை முழுக்க கூடவே வந்து பார்ப்பது, அப்படியும் சரியில்லையென்றால் அன்று மாலையே சீட்டைக் கழற்றிவிடுவது என்று முடிவானது. கழற்றினால் ஒல்லியும் வாசல் கேட்டுக்குப் போகவேண்டியதுதான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

பயணிகள் இல்லாமல் வண்டி கிளம்பியது. மேலாளர் ஒரு சன்னல் சீட்டில் உட்கார்ந்தார். தங்கச்சி தன் கட்சிக்காக வாதாட வந்திருந்தாள். மெத்தையக்கா ஓட்டுநருக்குப் பின்னாலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சக்களத்தி சீட்டின் மேல் இருந்த கோபத்தில் வரவில்லை, புருஷனுக்காக வந்திருந்தார். கம்பெனிக்காரர் தட்டு மாதிரி ஒரு தட்டையான ரப்பரைச் சீட்டின் மேல் வைத்து, ஒல்லியை அதன் மேல் உட்காரச் சொல்லி, அதிலிருந்து போன கம்பியைக் கையிலிருந்த, அதிர்வை அளக்கிற கருவியோடு இணைத்தார்.

முதல் வேகத்தடையில் டம் என்றது. ஒல்லி பல்லைக் கடித்தார். பின்னால் மெத்தையக்காவின் மூச்சு ஒருமுறை நின்று வந்தது. கடைத்தெருவில் ஒவ்வொரு இடிக்கும் அவர் கை கம்பியை இறுக்கியது ஒல்லிக்குக் கண்ணாடியில் தெரிந்தது. தனக்கு வலிப்பதைவிட மனைவிக்கு அதிகமாக வலிக்கிறது என்று பட்டது. கருவியைப் பார்த்துக்கொண்டிருந்த கம்பெனிக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

மெத்தையக்கா பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார். நான் தைத்த மெத்தையைவிட இது எந்த விதத்தில் உசத்தி?

கம்பெனிக்காரர் பொறுமையாகவே பதில் சொன்னார். மெத்தை குத்தாமல் பார்த்துக்கொள்ளும், அதற்கு மேல் அதால் முடியாது. வண்டி ஆடினால் மெத்தையும் சேர்ந்து ஆடும், சில சமயம் இன்னும் கொஞ்சம் கூட்டியே ஆட்டும். ஆட்டத்தை நடுவழியிலேயே வாங்கிக்கொள்ள ஸ்பிரிங் வேண்டும்.

"அந்த ஸ்பிரிங் உக்கார்றவங்க எடைக்குத் தகுந்த மாதிரி இருக்கணும்க்கா. இப்ப எண்பது கிலோவுக்கு வச்சிருக்கு. அதுக்கு மேல கனம் ஏறினா அது நடுவுல நிக்காது, அடியில போய் இடிச்சுக்கிட்டேதான் இருக்கும். முதுகுக்கு அதைவிடக் கெடுதல் கிடையாது. ஆனா அண்ணன் எண்பதுதானே. அதான் எங்க சீட்லயே ஏதோ கோளாறுன்னு நினைக்கிறேன். கழட்டிடறேன் சார்."

ஒல்லிக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளாக இடித்தது சீட் இல்லை, தான் மறைத்த இருபத்திரண்டு கிலோ. மனைவியிடம் சொன்னது போதாதென்று சீட்டிடமும் பொய் சொல்லியிருக்கிறார். சீட்டுக்கு முகம் பார்க்கத் தெரியாது, தயவு தாட்சண்யம் தெரியாது, கிடைத்த கனத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டது.

பேசாமல் இருந்துவிடலாம். சீட் போகும், தானும் வாசல் கேட்டுக்குப் போவார், மெத்தையக்காவின் எண்பது கிலோ மட்டும் பத்திரமாக இருக்கும். ஒல்லி கண்ணாடியில் பின்னால் பார்த்தார். தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு, சீட் போகிறதே என்று கண்ணைத் துடைக்கிறாளா என்ன? வாசல் கேட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்க்க தன்னால் ஒருநாளும் முடியாது என்று தெரிந்தது.

"தம்பி, கழட்டாதீங்க. சீட்ல ஒரு கோளாறும் இல்ல" என்றார். கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துவிட்டு மிச்சத்தையும் சொன்னார். "நான் எண்பது இல்ல. நூத்தி ரெண்டு."

மேலாளர் வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்தார். தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். மெத்தையக்கா நூற்றிரண்டு என்பதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு அவர் பார்வை மெதுவாக இறங்கி ஒல்லியின் இடுப்பில் வந்து நின்றது.

"அப்ப பேண்ட்டு இடுப்பை எவன் பிரிச்சுத் தச்சான்?"

ஒல்லி இதை எதிர்பார்க்கவில்லை. நாலு தெரு தள்ளி ஒருத்தர் என்று முனகினார்.

மெத்தையக்கா குனிந்து, பெல்ட்டுக்குக் கீழே துணியை இரண்டு விரலால் புரட்டிப் பார்த்தார். "தையலா இது? கையில நடுக்கம் உள்ளவன் தச்ச மாதிரி இருக்கு. இதைப் போட்டுக்கிட்டா ஊரெல்லாம் சுத்துனீங்க?"

தங்கச்சியால் அதற்கு மேல் முடியவில்லை, வெடித்துச் சிரித்துவிட்டாள். மேலாளரின் தோளும் குலுங்கியது. மெத்தையக்கா சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"ஒவ்வொரு கிலோவுக்கும் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?"

"அதைப் பாக்கத்தான் சொன்னேன்" என்றார் ஒல்லி.

உண்மையைச் சொல்வதென்றால் இத்தனை வருஷத்தில் அவர் மனைவியிடம் பேசிய வார்த்தைகளில் இதைவிட நல்லது வேறில்லை. ஆனால் அது அவருக்குத் தெரியாது. திட்டு விழப் போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெத்தையக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எடையைப் பற்றி வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்றார். பிறகு கம்பெனிக்காரரை நகரச் சொல்லிவிட்டு, தானே சீட்டின் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து திருகைப் பிடித்தார். ரெக்சினை இழுத்து இழுத்து உரமேறிய கை. எண்பத்தைந்து வந்தது, தொண்ணூறு வந்தது. தொண்ணூற்றைந்தில் நிமிர்ந்து புருஷனை ஒரு முறை முறைத்தார். நூறைத் தாண்டி, அதற்கும் மேலே இரண்டு. கனத்தோடு கீழே ஒட்டிக்கிடந்த சீட் மெல்ல எழும்பி, ஒல்லியைத் தூக்கி, நடுவில் வந்து நின்றது.

"இப்ப எடுங்க" என்றார்.

ஒல்லி கியரைப் போட்டார். கடைத்தெருவின் அடுத்த பாதி இன்னும் மோசமான பாதி. கற்கள் பெயர்ந்து, நடுவில் ஒரு பள்ளம், பள்ளத்தைத் தாண்டி ஒரு மேடு. பழக்கத்தில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை இறுக்கிக்கொண்டார். வண்டி இறங்கியது, ஏறியது. டம் வரவில்லை. கீழே இரும்பு உதறிக்கொண்டிருந்தது, முன்னால் கண்ணாடி கடகடத்தது, அவர் மட்டும் அந்தரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். கடித்த பல்லை எப்போது விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. கம்பெனிக்காரர் கருவியைப் பார்த்துவிட்டு, அப்பாடா என்று பக்கத்து சீட்டில் சாய்ந்தார். வேகத்தடையைப் பார்த்ததும் மெத்தையக்கா கண்ணை மூடிக்கொண்டார். தாண்டினபிறகும் திறக்கவில்லை. தாண்டியாயிற்று என்று தங்கச்சி சொல்லித்தான் திறந்தார்.

சந்தோஷம் என்றால் ஒல்லிக்கு அப்படி ஒரு சந்தோஷம். வேலைக்குச் சேர்ந்த அன்று தனியாக வண்டியைக் கையில் கொடுத்தபோது வந்ததே, அந்த மாதிரி. இந்த முதுகோடு, இந்த உடம்போடு, ஓய்வு பெறும்வரை ஓட்டலாம். எண்பதாக மாறியபிறகு இல்லை, இப்போதே ஓட்டலாம். ஊரில் ஓட்டுகிற எல்லோரும் இப்படி ஓட்டலாம். அவருக்குப் பாட்டு வராது, ஆனாலும் என்னவோ முணுமுணுத்தார்.

சீட் எல்லா வண்டிக்கும் வாங்குவது என்று மேலாளர் அங்கேயே சொல்லிவிட்டார். பெரிய உடம்புக்காரர்களைத் திருகுக்கு முன்னால் உண்மை பேச வைப்பது யார் பொறுப்பு என்று அவர் யோசித்தபோது, அதை என்னிடம் விடுங்கள் சார், நான் கையால் தூக்கிப் பார்த்தே சொல்வேன், ஏமாந்தது ஒரு தடவை போதும் என்றார் மெத்தையக்கா. ஒல்லி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். மெத்தையக்காவும் சிரித்துவிட்டார்.

டிப்போவுக்கு இடது பக்கம் திரும்பவேண்டிய முனை வந்தது. ஒல்லி திரும்பும் விளக்கைப் போடவில்லை. வேகத்தையும் குறைக்கவில்லை. நேராக, பாலத்துப் பக்கம் போகிற பெரிய சாலையில் வண்டியை விட்டார்.

"எங்க போறீங்க?" என்று மேலாளர் எழுந்தார்.

"ஒரு ரவுண்டு சார். ஒண்ணே ஒண்ணு."

"விடுங்க சார், ஓட்டட்டும்" என்றார் மெத்தையக்கா.

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்துவிட்டு, காற்று வருகிற பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.